அல்சூரில் வாங்கிய கார்னாச்சா

போன சனிக்கிழமை பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஒயின் கடையில் ஸ்பெயின் நாட்டு பாட்டில் ஒன்று வாங்கினேன். காம்போ தே போர்ஹா என்ற பகுதியில் விளைந்த கார்னாச்சா, விலை 2,150 ரூபாய். பிரெஞ்சுக்காரர்கள் கிரெனாஷ் என்று சொல்வதும் இதே திராட்சையைத்தான்.

வீட்டில் ஊற்றியதும் மச்சினன் கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். "என்ன மாமா, இப்படி வெளிறிப்போய் இருக்கு? தண்ணி கலந்துட்டாங்களா?" என்றான்.

கலப்படம் எதுவும் இல்லை. இந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லியது. சிவப்பு ஒயினுக்கு நிறத்தையும் துவர்ப்பையும் கொடுப்பது தோல்தான் என்பதால் இரண்டுமே இதில் குறைவு. ஆனால் பழம் பழுக்க நாளாகும். வெயிலில் கிடந்து சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், நொதிக்கும்போது அதுதான் ஆல்கஹால் ஆகிறது. லேபிளில் 14.5 சதவீதம் என்று போட்டிருந்தது.

முதல் கிளாஸ் எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது என்று கடையில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். பெங்களூரு ஏப்ரல் மாதச் சூட்டில் அப்படியே குடித்தால் சாராய நெடிதான் மூக்கில் ஏறுகிறது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தேன். அப்புறம்தான் ஸ்ட்ராபெரி வாசனை வந்தது, பின்னாலேயே வெள்ளை மிளகு, காய்ந்த மூலிகை. வீட்டில் அன்று மட்டன் சுக்கா. துவர்ப்பு அதிகமான ஒயின்கள் நம் காரத்தோடு சேர்ந்தால் நாக்கு வறண்டுவிடும். இது மசாலாவோடு சண்டை போடாமல் இறங்கியது. நம் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு சிவப்பு ஒயின் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இது வெயிலும் காற்றும் தாங்கும் கொடி. தெற்கு பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்ட்ரால் காற்று அடித்து வீசும். அங்கே ஷாத்தோநஃப் து பாப் என்ற ஊரில் கம்பி கட்டாமல் குட்டைச் செடியாகவே வளர்க்கிறார்கள். பல தோட்டங்களில் மண்ணே தெரியாதபடி உருண்டைக் கற்கள், பகல் சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். ஸ்பெயினின் பிரியோராட்டில் கரும்பலகைக் கல் மண், ஒயின் இன்னும் அடர்த்தி. சார்டினியா தீவில் பெயர் கன்னோனாவ். ஆஸ்திரேலியாவின் பரோசாவில் 19ஆம் நூற்றாண்டில் நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன. 1980களில் அந்த மாநில அரசே பணம் கொடுத்துப் பழைய கொடிகளைப் பிடுங்க வைத்தது. தப்பியவை மிச்சம். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கடையைப் பற்றி ஒரு குறை. பாட்டில்களை ஜன்னலோரம் வெயில் படும்படி நிற்க வைத்திருக்கிறார்கள். உள் அலமாரியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். திறந்தால் அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது, கிரெனாஷுக்குக் காற்று பட்டால் ஆகாது. நான் கால் பாட்டில் மிச்சம் வைத்தேன். மூன்றாம் நாள் ஊற்றியபோது பழுப்பேறி, அந்த ஸ்ட்ராபெரி வாசனை போயே போய்விட்டிருந்தது.