'பெர்மிட் தேவையில்லை' என்ற நிலம் வாங்கலாமா? அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் வீடு கட்டும் வழிகள்

அமெரிக்காவில் நகர எல்லைக்கு வெளியே நிலம் விற்பவர்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் வரி: 'பெர்மிட் தேவையில்லை'. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு) இன்ஸ்பெக்டர் வராத இடத்தில் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை வங்கி கேட்கும், இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும், பத்து வருடம் கழித்து வீட்டை வாங்க வருபவர் கேட்பார். அப்போது சுவரைப் பிரித்துக் காட்ட முடியாது. வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: யார் சோதிக்கிறார், எந்தக் கட்டத்தில் சோதிக்கிறார்.

டெக்சாஸ்: கவுண்டி கை நீட்டாத இடம்

டெக்சாஸில் மாநிலச் சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டுமே கவுண்டிக்கு உண்டு. அதனால் நகரங்களுக்கு வெளியே பல கவுண்டிகளில் வீட்டு பிளானை வாங்கிப் பார்க்க ஆளே கிடையாது. ஆனாலும் செப்டிக் டேங்கிலிருந்து தப்ப முடியாது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் விதிப்படி அதற்கு அனுமதி வேண்டும். 10 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில் ஒரே ஒரு குடும்ப வீடு, கழிவுநீர் நிலத்தின் எல்லைக்கோட்டுக்கு 100 அடி நெருக்கத்தில் வராமல் உள்ளேயே அடங்கிவிடும் என்றால் விலக்கு உண்டு. 9.8 ஏக்கர் வாங்கினால் இல்லை. விலை பேசும்போதே இதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பகுதியில் சுண்ணாம்புப் பாறை சில அங்குல ஆழத்திலேயே தட்டுப்படும் இடங்கள் நிறைய. அங்கே மண்ணுக்குள் கழிவுநீரை ஊறவிடும் சாதாரண செப்டிக் வேலைக்கு ஆகாது. காற்றூட்டிச் சுத்திகரித்துத் தெளிப்பான் வழியாக விடும் ஏற்பாடு வேண்டியிருக்கும். செலவு கூடும், பராமரிப்பும் தொடரும்.

ஆற்றோரம், ஓடையோரம் என்றால் வெள்ளச் சமவெளி அனுமதியும் கவுண்டியிடம் வாங்க வேண்டும். இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

2009-ல் வந்த ஒரு சட்டம் பலருக்குத் தெரியாது. கவுண்டி அதை ஏற்றுத் தீர்மானம் போட்டிருந்தால், காண்டிராக்டர் கட்டும் புது வீட்டுக்குக் குறைந்தது மூன்று ஆய்வுகள் கட்டாயம்: கான்கிரீட் கொட்டுவதற்கு முன் அஸ்திவாரம், சுவரை மூடுவதற்கு முன் மரச்சட்டகமும் குழாயும் வயரிங்கும், கடைசியாக முடிந்த வீடு. ஆய்வு செய்பவர் கவுண்டி ஆள் அல்ல. உரிமம் பெற்ற எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், இன்ஸ்பெக்டர் என யாரையாவது காண்டிராக்டரே ஏற்பாடு செய்துகொள்வார். இதற்காகக் கவுண்டி கட்டணம் வாங்கக் கூடாது. தானே காண்டிராக்டராக நின்று, தான் குடியிருக்கவே கட்டுபவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

காண்டிராக்டரிடம் சம்பளம் வாங்குகிற இன்ஸ்பெக்டர் காண்டிராக்டரைத் தப்பு சொல்வாரா? சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் அதை நம்பி வீடு கட்டமாட்டேன். இதே மூன்று கட்டத்துக்கும் நம் பணத்தில் தனி இன்ஸ்பெக்டரை அமர்த்திவிடுவது உத்தமம். கையில் பணம் குறைவு என்றால் கடைசி ஆய்வை விடலாம், முதல் இரண்டையும் விடக் கூடாது. டல்லஸிலிருந்து சான் அன்டோனியோ வரை நீளும் கரிசல் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அந்த மண்ணில் தளத்துக்குள் கம்பி சரியாகப் போட்டிருக்கிறதா என்பதை கான்கிரீட் கொட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கடலோரம் என்றால் கதையே வேறு. டெக்சாஸின் 14 கடலோரக் கவுண்டிகளில் காற்றுச் சேதத்துக்கு மாநிலம் உருவாக்கிய காப்பீட்டுச் சங்கத்தை நம்பித்தான் பலர் இருக்கிறார்கள். புது வீட்டுக்கு அந்தக் காப்பீடு வேண்டுமானால் டபிள்யூபிஐ-8 என்ற சான்றிதழ் காட்ட வேண்டும். வீடு காற்றுக்குத் தாங்கும்படி விதிப்படி கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பெர்மிட் இல்லாத கவுண்டியிலும் ஆய்வு வந்து நிற்கிறது, காப்பீட்டின் வழியாக.

கோச்சீஸ்: வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் வழி

அரிசோனாவின் கோச்சீஸ் கவுண்டி, மெக்சிகோ எல்லையை ஒட்டியது, தலைமையிடம் பிஸ்பீ. இங்கே கிராமப்புற மண்டலத்தில் 4 ஏக்கருக்குக் குறையாத நிலம் வைத்திருப்பவர், தன் வீட்டைத் தானே கட்டுவதாக இருந்தால், பிளான் பரிசீலனையும் ஆய்வும் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். பெர்மிட் வாங்கத்தான் வேண்டும், நிலத்தில் வீடு எங்கே நிற்கிறது என்ற வரைபடமும் கொடுக்க வேண்டும். சுவர் மண்ணா வைக்கோல் கட்டா என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். மாற்றுக் கட்டுமானத்தில் ஆசை உள்ளவர்கள் இங்கே தேடி வருவது அதனால்தான்.

செப்டிக் இங்கேயும் விடாது. மண்ணைச் சோதித்து, கட்ட அனுமதி வாங்கி, கட்டிய பிறகு பயன்படுத்த இன்னொரு அனுமதி வாங்க வேண்டும். டெக்சாஸ் மாதிரி 10 ஏக்கர் சலுகையும் இல்லை.

கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு, கட்டட வேலை தெரிந்து, சாகும்வரை அங்கேயே இருப்பேன் என்பவருக்கு இது அருமையான வழி. கடன் வாங்கிக் கட்டுபவருக்கு அல்ல. ஆய்வு ஒன்றும் நடக்காத வீட்டின் பேரில் கடன் கொடுக்க வங்கி தயங்கும். விற்கும்போது வாங்குபவரின் வங்கியும் அதே கேள்வியோடு வரும்.

இடைப்பட்ட வழி பென்சில்வேனியாவில் இருக்கிறது. அங்கே 2004 முதல் மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதி. அமல்படுத்தும் பொறுப்பு வேண்டாம் என்று விலகிய சிற்றூர்களில் வீடு கட்டுபவர், சான்று பெற்ற தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தானே அமர்த்திக்கொள்ள வேண்டும். விதியிலிருந்து விலக்கு இல்லை, இன்ஸ்பெக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் நமக்கு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஃபோன் எடுக்காத நிறுவனத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

முழுப் பெர்மிட்: அலுப்பு உண்டு, ஆனால் மலிவு

சர்வதேச வீட்டுக் கட்டட விதியைப் பின்பற்றும் கவுண்டியில் அஸ்திவாரம், தரைக்கடியில் போகும் குழாய், சட்டகம், மூடாத சுவருக்குள் வயரிங், வெப்பக் காப்பு அடைப்பு, இறுதி என்று வரிசையாக ஆய்வு வரும். ஒன்று தேறாமல் அடுத்ததற்குப் போக முடியாது. கிராமப்புறத்தில் உண்மையான தொல்லை தூரம்தான். ஒரே இன்ஸ்பெக்டர் மொத்தக் கவுண்டியையும் பார்ப்பார். இந்தப் பக்கம் இன்ன கிழமை என்று முறை வைத்திருப்பார். அன்று அவர் வரும்போது குழிக்குள் தண்ணீர் நின்றால் அடுத்த முறைதான். கான்கிரீட் லாரிக்குச் சொல்லி வைத்திருந்தவர் பாடு திண்டாட்டம்.

வார இறுதியில் மட்டும் சொந்தமாக வேலை செய்பவர்கள் 180 நாள் கணக்கை மறக்கக் கூடாது. அந்த விதிப்படி வேலை அத்தனை நாள் நின்றுபோனால் பெர்மிட் காலாவதி. நீட்டிப்பு கேட்டால் கிடைக்கும், முன்கூட்டி எழுத்தில் கேட்க வேண்டும்.

சின்ன கவுண்டியில் ஒரு வசதியும் இருக்கிறது. பிளானைப் பார்ப்பவரும் களத்துக்கு வருபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். வேலை தொடங்கும் முன் பிளானோடு நேரில் போய், எங்கே மற்றவர்கள் தேறாமல் போகிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார். பெருநகரத்தில் இது நடக்காது. பெர்மிட் கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அதே எண்ணிக்கை ஆய்வுக்குத் தனியார் எவ்வளவு கேட்கிறார் என்று விசாரித்துவிட்டு வரட்டும். கடன் வாங்கிக் கட்டுபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மத்திய அரசு உத்தரவாதம் தரும் எஃப்எச்ஏ வீட்டுக் கடனுக்குப் போனாலும், பெர்மிட்டும் குடிபுகும் சான்றும் இருந்தால் வேலை சுலபம்.

தொழிற்சாலையிலேயே ஆய்வு முடிந்த வீடு

இத்தனையும் வேண்டாம் என்பவருக்குத் தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் வீடு. 1976 ஜூன் 15 முதல் இவற்றுக்கு மத்திய அரசின் தனி விதி. ஆய்வு தொழிற்சாலையிலேயே முடிந்து, ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் ஒரு சிவப்புத் தகடு அடித்திருப்பார்கள். வீட்டின் கட்டுமானத்துக்குள் கவுண்டி தலையிட முடியாது. வீட்டை நிறுத்துவது, செப்டிக், மின் இணைப்பு இவற்றை மட்டும் பார்க்கும்.

மதிப்பு குறையும், கடன் வட்டி கூடும் என்று சொல்வார்கள். நிலத்தோடு சேர்த்து நிரந்தர அஸ்திவாரத்தில் நிறுத்தி, அசையாச் சொத்தாகப் பதிந்துகொண்டால் அந்தக் குறை பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய வீடு வாங்கினால் தகடு இருக்கிறதா என்று பாருங்கள், 1976 தேதிக்கு முந்தையது என்றால் எஃப்எச்ஏ கடன் கிடைக்காது. உள்ளே, சமையலறை அலமாரிக் கதவிலோ மின் பெட்டிக்குப் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தாளில் எந்தக் காற்று மண்டலத்துக்கு வீடு செய்யப்பட்டது என்று இருக்கும். உள்நாட்டுக்காகச் செய்த முதல் மண்டல வீட்டைக் கொண்டுபோய்க் கடலோரத்தில் நிறுத்தக் கூடாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.