விஎம்வேர், ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ்: மூன்று சர்வர் உள்ள நிறுவனத்துக்கு எது?

2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் நிறுவனம், ஒரே சர்வரைப் பல கணினிகள்போல ஓட்டவைக்கும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றுபோனது. ஒருமுறை காசு கொடுத்தால் வேண்டிய வரைக்கும் ஓட்டலாம் என்ற ஏற்பாடு போய், காலக்கெடு வைத்த சந்தா, அதுவும் சிபியூ கோர் கணக்கில் என்றானது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவந்த கணக்குப் பிரிவுகள் புதிய கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "இதற்கு வேறு வழியே கிடையாதா?" என்று ஐடி ஆட்களைக் கேட்கத் தொடங்கின. இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஒன்று, திறமூல மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் இன்னொன்று. ஆனால் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் சிக்கல்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது நடுத்தர நிறுவனத்தை. ஒரு நூற்பாலை, ஒரு பொறியியல் கல்லூரி, நூறு படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனை. மூன்று சர்வர், இருபது முப்பது விஎம், ஒன்றரை ஆள் கொண்ட ஐடி பிரிவு. (மீதி அரை ஆள் எங்கோ பிரிண்டர் சரிசெய்யப் போயிருப்பார்.) வங்கிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் கணக்கே வேறு.

விஷயம் புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு சர்வரில் ஒரே ஓஎஸ், ஒரே வேலை என்று ஓட்டினால் அதன் சிபியூ பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும், கரண்ட் பில் மட்டும் சும்மா இருக்காது. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அந்த ஒரு சர்வரைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனக்கென்று சிபியூ, ரேம், டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் வைத்திருக்கும் தனிக் கணினிபோல நடந்துகொள்ளச் செய்கிறது. அந்தக் கூறுதான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். ஐபிஎம் 1960களிலேயே மெயின்பிரேமில் இதைச் செய்துவிட்டது. சாதாரண இன்டெல் சர்வர்களுக்கு இதைக் கொண்டுவந்து பெயர் வாங்கியது 1998இல் தொடங்கிய விஎம்வேர். 2001இல் அதன் ஈஎஸ்எக்ஸ் சர்வர் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே இன்னொரு சர்வருக்கு நகர்த்தும் விமோஷன் 2003இல் வந்தது. இந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் பல நிறுவனங்கள் விழுந்தன.

சர்வர் எண்ணிக்கை குறைவதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. முழுக் கணினியும் சில ஃபைல்களாகிவிடுகிறது. மதர்போர்டு எரிந்துபோனால், அதே மாடல் சர்வரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த ஃபைல்களை, ஹைப்பர்வைசர் ஓடும் வேறு எந்தச் சர்வரிலும், அதாவது ஹோஸ்டிலும், எழுப்பிவிடலாம்.

சரி, மூன்றில் எது வேகம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் போட்டி முடிந்துவிட்டது என்பது என் கருத்து. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் விர்ச்சுவலைசேஷனுக்கான வசதியைச் சிப்பிலேயே வைத்துவிட்டன. அதற்கு முன்னால் விஎம்வேர் மென்பொருளாலேயே செய்த வித்தை உண்மையிலேயே பெரிய வித்தை. அதன் பிறகு எல்லோரும் சிப்பில் உள்ள அதே வசதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிராக்ஸ்மாக்ஸின் அடியில் ஓடும் ஹைப்பர்வைசரான கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. கூகுள் கிளவுட் ஓடுவது கேவிஎம்மில். அமேசான் கிளவுடின் நைட்ரோவும் அதை அடிப்படையாகக் கொண்டதே. மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் ஓடுவது ஹைப்பர்-வி அடித்தளத்தில். ஆகவே "இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா?" என்ற கேள்வி ஹைப்பர்வைசரைப் பொறுத்தவரை தேவையில்லை. முடிவைத் தீர்மானிப்பவை அதைச் சுற்றியுள்ள நான்கைந்து விஷயங்கள். அதில் முதலாவது லைசென்ஸ்.

லைசென்ஸ் கணக்கு

விஎம்வேரில் ஒரு சிபியூவுக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்கு. உங்கள் சிபியூவில் 8 கோர்தான் இருக்கிறது என்றாலும் 16க்குத்தான் பில் வரும். இரண்டு சிபியூ கொண்ட மூன்று சர்வர் என்றால், உள்ளே 48 கோரே இருந்தாலும் 96 கோருக்குச் சந்தா கட்ட வேண்டும். மூன்று சர்வர் வரை என்று சிறு நிறுவனங்களுக்காகவே இருந்த எசென்ஷியல்ஸ் ப்ளஸ் தொகுப்பையும் எடுத்துவிட்டார்கள். விஎம்வேரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் நின்று 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஆனால் எல்லா ஹோஸ்டுகளையும் ஒரே திரையில் நிர்வகிக்கும் விசென்டரில் அதைச் சேர்க்க முடியாது. வீட்டில் கற்றுக்கொள்ள ஆகும், அலுவலகத்துக்கு ஆகாது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. சுமார் 8,600 சர்வர்களில் 75,000 விஎம்களை ஓட்டிவந்த அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி, ஏற்கெனவே வாங்கிய லைசென்ஸுக்கான சப்போர்ட்டை நீட்டிக்க மறுக்கிறார்கள் என்று 2024இல் பிராட்காம் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது, பிறகு சமரசமானது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்றால், மூன்று சர்வர்காரரின் பேரம் எங்கே எடுபடும்?

ஹைப்பர்-வியைப் பலர் "இலவசம்" என்கிறார்கள். அது முழு உண்மையல்ல, ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுணுக்கம் என்னவென்றால், விஎம்முக்குள் விண்டோஸ் சர்வர் ஓடினால், அடியில் எந்த ஹைப்பர்வைசர் இருந்தாலும், பொதுவாக அந்த ஹோஸ்டின் எல்லாக் கோர்களுக்கும் விண்டோஸ் லைசென்ஸ் வேண்டும். ஸ்டாண்டர்டு பதிப்பு இரண்டு விஎம்முக்கு உரிமை தரும்; டேட்டாசென்டர் பதிப்பில் விஎம்முக்கு வரம்பே இல்லை. விண்டோஸ் சர்வர் 2022இன் பட்டியல் விலையில் 16 கோருக்கு ஸ்டாண்டர்டு 1,069 டாலர், டேட்டாசென்டர் 6,155 டாலர். பத்து விஎம்முக்கு ஐந்து ஸ்டாண்டர்டு, 5,345 டாலர். பதினோராவது விஎம் வந்ததும் ஆறாவது ஸ்டாண்டர்டு வாங்க வேண்டும். 6,414 டாலர் ஆகிவிடும். அதாவது ஒரு ஹோஸ்டில் பத்து விண்டோஸ் விஎம்மைத் தாண்டினால் டேட்டாசென்டர்தான் மலிவு. அதை வாங்கிவிட்டவருக்கு ஹைப்பர்-விக்காகத் தனியாக ஒரு பைசா கூடக் கிடையாது. அப்படிப்பட்டவர் அதன் மேல் விஎம்வேர் சந்தாவும் கட்டுகிறார் என்றால், அதற்குத் தெளிவான காரணம் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. மூன்று சர்வரும் ஒன்றுக்கொன்று துணையாக ஓடும் கிளஸ்டரில் ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்த விஎம்கள் மற்ற இரண்டுக்குப் போகும். ஸ்டாண்டர்டு லைசென்ஸை விஎம்மோடு சேர்த்து அப்படி நினைத்தபோதெல்லாம் நகர்த்த முடியாது. பொதுவாக 90 நாளுக்கு ஒருமுறைதான் வேறு சர்வருக்கு மாற்றலாம். ஆகவே ஒவ்வொரு ஹோஸ்டுக்கும், அதிகபட்சமாக எத்தனை விண்டோஸ் விஎம் வந்து சேரலாமோ அத்தனைக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் "மொத்தம் எட்டு விஎம், நான்கு ஸ்டாண்டர்டு போதும்" என்று வாங்கிய கிளஸ்டர்கள் ஏராளம். ஆடிட் வரும்போது தெரியும்.

பிராக்ஸ்மாக்ஸ் வியன்னாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு, 2008இல் வெளிவந்தது. டெபியன் லினக்ஸ் மேல் கேவிஎம், கன்டெய்னருக்கு (தனி ஓஎஸ் இல்லாத இலகுவான விஎம் மாதிரி) எல்எக்ஸ்சி, எல்லாவற்றுக்கும் ஒரே பிரவுசர் திரை. திறமூல மென்பொருள்தான், எந்த வசதியும் பூட்டிவைக்கப்படவில்லை. காசு கொடுப்பது, நன்கு சோதித்த அப்டேட்டுகளுக்கும் சப்போர்ட்டுக்கும். அதுவும் கோர் கணக்கில்லை, சாக்கெட் கணக்கில், அதாவது ஒரு சிபியூவுக்கு இவ்வளவு என்று. கட்டாமல் ஓட்டினால் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி எழும். அலுவலகச் சர்வர்களுக்கு அந்தச் சந்தாவைக் கட்டிவிடுங்கள் என்பேன். மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையில்லை.

டிஸ்க் எங்கே இருக்கிறது?

ஒப்பீட்டுக் கட்டுரைகள் பலவும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. மாறிப் போனவர்கள் அதிகம் அடிபடுவதும் இங்கேதான்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு சான் பெட்டி, அதாவது எல்லாச் சர்வர்களும் பகிரும் தனி டிஸ்க் பெட்டி, இருக்கிறதா? ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கசி இணைப்பில் மூன்று சர்வரும் ஒரே ஸ்டோரேஜைப் பகிர்கின்றனவா? அப்படியானால் விஎம்வேரின் ஃபைல் சிஸ்டமான விஎம்எஃப்எஸ் இன்றும் ராஜாதான். பல ஹோஸ்டுகள் ஒரே டிஸ்கில் ஒன்றை ஒன்று மிதிக்காமல் எழுதும், ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிப் போக, விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்துவைப்பது) எடுக்கும், நீங்கள் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஹைப்பர்-வியிலும் 2008 ஆர்2 முதல் கிளஸ்டர் ஷேர்டு வால்யூம் என்ற ஏற்பாடு இருக்கிறது, வேலை செய்யும். பிராக்ஸ்மாக்ஸில் இந்த இடம் பலவீனம். சான் மேல் லினக்ஸின் டிஸ்க் பிரிப்பு முறையான எல்விஎம் போட்டால் விஎம்கள் நகரும், ஆனால் ஸ்னாப்ஷாட் வசதி நீண்ட நாள் இல்லாமலே இருந்தது. 2025இல் வந்த 9ஆம் பதிப்பில்தான், அதுவும் சோதனை வசதி என்ற முத்திரையோடு, எட்டிப்பார்த்தது. தினமும் ஸ்னாப்ஷாட் எடுத்துப் பழகியவருக்கு இது கை ஒடிந்தது மாதிரி.

அதே சமயம், பழைய சான் ஆயுள் முடிந்து புதிதாக வாங்கப்போகிறவருக்குக் கதை தலைகீழ். பிராக்ஸ்மாக்ஸுக்குள்ளேயே இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமும் செஃப் என்ற ஸ்டோரேஜ் மென்பொருளும் வருகின்றன. மூன்று சர்வர்களின் உள் டிஸ்குகளையும் செஃப் ஒரே ஸ்டோரேஜாகக் கட்டித் தரும். ஆனால் நல்ல எஸ்எஸ்டியும், குறைந்தது 10 ஜிகாபிட் தனி நெட்வொர்க்கும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நெட்வொர்க்குக்குச் செலவழிக்க மனமில்லாதவர் இசட்எஃப்எஸ் போட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த சர்வருக்கு நகல் போகும்படி (ரெப்ளிகேஷன்) வைத்துக்கொள்ளலாம். ஹோஸ்ட் விழுந்தால் கடைசிச் சில நிமிட டேட்டா போகும். கல்லூரி நூலகத்துக்கு அது பரவாயில்லை. மருத்துவமனை பில்லிங்குக்குப் பரவாயில்லையா என்பதை நிர்வாகம் சொல்லட்டும், ஐடி ஆள் தானாக முடிவெடுக்க வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பு: பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் சர்வருக்கு ஒரு வாக்கு, பெரும்பான்மை இருந்தால்தான் அது இயங்கும்; ஆகவே மூன்று வாக்கு வேண்டும். இரண்டு சர்வர்தான் இருக்கிறது என்றால், மூன்றாவது வாக்குக்கு க்யூடிவைஸ் என்று ஒரு சின்னக் கணினியை ஓரமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்று அணைந்ததும் மற்றதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அன்றாடப் புழக்கம்

மேலாண்மைத் திரையில் விஎம்வேரின் விசென்டருக்கு இணை இல்லை. சுமையைப் பார்த்துத் தானாகவே விஎம்களை ஹோஸ்டுகளுக்கிடையே நகர்த்தும் டிஆர்எஸ் அளவுக்குத் தேர்ந்த ஒன்று பிராக்ஸ்மாக்ஸில் இல்லை. ஆனால் மூன்று சர்வருக்கு டிஆர்எஸ் எதற்கு? எந்த விஎம் அதிகம் தின்கிறது என்பது அந்த ஒன்றரை ஆளுக்கே மனப்பாடமாகத் தெரியும்.

ஹைப்பர்-வியின் குறை, ஒரே வேலைக்கு நான்கு ஜன்னல். ஹைப்பர்-வி மேனேஜர், ஃபெயிலோவர் கிளஸ்டர் மேனேஜர், விண்டோஸ் அட்மின் சென்டர், அதற்கும் அப்பால் பவர்ஷெல். எது எங்கே என்று பழக நாளாகும். மாதாமாதம் விண்டோஸ் பேட்ச், அதற்காக ஹோஸ்டு ரீபூட். கிளஸ்டர் இருந்தால் விஎம்களை நகர்த்திவிட்டுச் செய்யலாம். ஒற்றைச் சர்வர் என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இன்னொன்று: ஹோஸ்டுகள் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் இருக்க, லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் அதே ஹோஸ்டுகளில் விஎம்மாக இருந்தால், மொத்தமாகக் கரண்ட் போய் வரும்போது தலைவலி. ஒரு கன்ட்ரோலரையாவது வெளியே வைப்பது நல்லது.

நம் ஊர் அலுவலகங்களில் மட்டும் எழும் சந்தேகம் இல்லை இது, ஆனால் இங்கே அதிகம்: பழைய மென்பொருளுக்கான யூஎஸ்பி டாங்கிள், அதாவது செருகினால்தான் அது ஓடும் என்ற லைசென்ஸ் சாவி. ஈஎஸ்எக்ஸ்ஐயிலும் பிராக்ஸ்மாக்ஸிலும் சர்வரில் செருகிய டாங்கிளை நேராக விஎம்முக்குக் கொடுத்துவிடலாம். ஹைப்பர்-வியில் அந்த வசதி கிடையாது. நெட்வொர்க் வழியே யூஎஸ்பி தரும் தனிப்பெட்டி வாங்க வேண்டும். இத்தனை பெரிய முடிவு இத்தனைச் சின்னப் பொருளால் மாறுமா என்றால், மாறும்.

சப்போர்ட்டும் கணக்கில் வரும். பிராக்ஸ்மாக்ஸ் நிறுவனத்தின் பதில் நேரம் ஆஸ்திரியாவின் வேலை நாட்களை வைத்துத்தான். லினக்ஸ் கட்டளை வரியைக் கண்டு அஞ்சாத ஒருவர் உள்ளே இல்லை, வெளியிலும் கூப்பிட ஆளில்லை என்றால், இலவசம் என்பதற்காக மட்டும் அதற்குப் போகாதீர்கள். பேக்கப்பில் பிராக்ஸ்மாக்ஸ் பின்தங்கியிருந்த காலம் மாறிவிட்டது. அவர்களுடைய பேக்கப் சர்வரே நன்றாக இருக்கிறது. 2024இல் பேக்கப் மென்பொருளான வீமும் ஆதரவு கொடுத்துவிட்டது.

அப்புறம், எதற்கும் மாறாமல் பழைய விஎம்வேரிலேயே சப்போர்ட் இல்லாமல் காலம் தள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: விஎம்வேர் தொகுப்பான விஸ்பியரின் 7ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைப் பூட்டியது. அது புகுந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021இலேயே பேட்ச் வந்திருந்தது. ஹோஸ்டு ஒன்று போனால் அதிலுள்ள பத்து விஎம்மும் ஒன்றாகப் போகும். எந்த ஹைப்பர்வைசராக இருந்தாலும் அதன் மேலாண்மை முகவரி இணையத்தில் தெரியவே கூடாது; பேக்கப் அதே டொமைன் பாஸ்வேர்டில் திறக்கக் கூடாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஹோஸ்டுக்குப் பத்துக்கு மேல் விண்டோஸ் விஎம், டாங்கிள் தொல்லை இல்லை, ஆட்களுக்கு விண்டோஸ்தான் பழக்கம் என்றால் ஹைப்பர்-வி. லினக்ஸ் விஎம்கள் கணிசம், சான் இல்லை அல்லது அதன் காலம் முடிந்தது, லினக்ஸ் தெரிந்த ஆள் இருக்கிறார் என்றால் பிராக்ஸ்மாக்ஸ். மூன்று சர்வர் நிறுவனங்களில் நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். நல்ல சான் இன்னும் மூன்று நான்கு வருடம் உழைக்கும், மென்பொருள் விற்பனையாளர் விஎம்வேரில் மட்டுமே சப்போர்ட் தருவேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார் என்றால், சந்தாவைக் கட்டிவிட்டு இருப்பதே மேல்.

மாறுவதென்று முடிவானால், 2024 முதல் பிராக்ஸ்மாக்ஸிலேயே ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேராக இழுக்கும் வசதி இருக்கிறது. லினக்ஸ் விஎம்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்துவிடும். விண்டோஸ்தான் அடம்பிடிக்கும். டிஸ்கை எடுத்ததுமே விர்ட்ஐஓவில் (கேவிஎம்மின் வேகமான டிஸ்க் இணைப்பு வகை) வைத்தால் டிரைவர் இல்லாமல் நீலத்திரையில் நிற்கும். முதலில் சாட்டா என்ற வழக்கமான இணைப்பு வகையில் வைத்து எழுப்பி, ஒரு சின்ன விர்ட்ஐஓ டிஸ்கைக் கூடுதலாகச் சேர்த்து, டிரைவரைப் போட்டு, அணைத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். விஎம்முக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளை, விஎம்மை நகர்த்துவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், பிறகு நீக்குவது பெரும்பாடு. நெட்வொர்க் கார்டின் பழைய அடையாள எண்ணை (மேக் முகவரி) குறித்துவைத்து அதையே புதிய விஎம்முக்கும் கொடுங்கள். சில மென்பொருள்களின் லைசென்ஸ் அந்த முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். நெட்வொர்க் கார்டின் வகை மாறுவதால் விண்டோஸ் நிலையான ஐபியை மறந்துவிடும், அதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவின் விஎம்மை மட்டும் மாதக் கடைசியில் தொடாதீர்கள்.