கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: அந்த ஒரு அடைப்புக்குறிக்காகவே பிடித்துப்போனது

தொகையீடு, அணி, சமன்பாடு எல்லாம் இந்தக் கால்குலேட்டர் நன்றாகவே போடுகிறது, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, ஷிஃப்டை அழுத்திவிட்டுப் பாகை-நிமிடம்-விநாடி பட்டனைத் தட்டினால் வரும் 'ஃபேக்ட்' பற்றி. திரையில் உள்ள முழு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் கொடுத்துவிடும். பழைய 991எம்எஸ்ஸில் இது கிடையாது.

வாங்கியதும் 4294967297 போட்டுப் பாருங்கள். 2-இன் 32ஆவது அடுக்கோடு 1 கூட்டினால் வருகிற எண் இது. 2-இன் 1, 2, 4, 8, 16ஆவது அடுக்குகளோடு 1 கூட்டினால் இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர், 641 இதை மீதியில்லாமல் வகுக்கும் என்று காட்டிவிட்டார், அதுவும் கையாலேயே கணக்குப் போட்டு!

கால்குலேட்டர் காட்டுவது 641×(6700417). இந்த அடைப்புக்குறி ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை, கையேட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் இது வகுத்துப் பார்க்கும். அதற்கு மேல் மிஞ்சுவது 1018081 அல்லது அதைவிடப் பெரியது என்றால், பகா எண்தானா என்று உறுதி சொல்லாமல் அடைப்புக்குறிக்குள் வைத்துவிடும். அது ஏன் சரியாக 1018081? நான்கு இலக்கத்தில் வரும் முதல் பகா எண் 1009, அதன் வர்க்கம்தான் 1018081. மூன்று இலக்கப் பகா எண்கள் வரை எதுவும் வகுக்காத எண் இதைவிடச் சிறியது என்றால், அது பகா எண்ணேதான். தனக்குத் தெரிந்தது எதுவரை என்று ஒரு கருவி இவ்வளவு நேர்மையாகச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சரி, 6700417 பகா எண்தானா? மிச்ச வேலையை நாமே முடித்துவிடலாம். 4294967297-இன் எந்தப் பகாக் காரணியை எடுத்து 64-ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வரும், இதையும் நிறுவியது ஆய்லரே. 6700417-இன் வர்க்கமூலம் 2589க்கும் குறைவு, 1000க்குக் கீழே உள்ளதைக் கால்குலேட்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டது, ஆக இடையில் சோதிக்க வேண்டியவை 1153, 1217, 1409, 1601, 2113 என்று ஐந்தே ஐந்து. வகுத்துப் பார்த்தேன், மீதி முறையே 334, 832, 622, 232, 94. ஒன்றுகூட வகுக்கவில்லை, பகா எண்தான்.

ஃபேக்ட் 10 இலக்கம் வரைதான். வரிசையில் அடுத்தது 2-இன் 64ஆவது அடுக்கோடு 1, அது 20 இலக்கம், இந்தக் கால்குலேட்டருக்கு எட்டாது. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதை வாங்கிக் கொடுத்து, முதல் நாளே உட்கார்ந்து அந்த ஐந்து வகுத்தலையும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.