ஓடிபியா, டோக்கனா, பாஸ்கீயா: எதை நம்புவது?

2024 டிசம்பரில், சிங்கப்பூரில் நிறுவனங்களின் பதிவுகளைப் பார்க்கும் அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் ஒருவரின் பெயரைத் தேடினால் முழு ஐசி (அடையாள அட்டை) எண்ணும் வந்து நின்றது. நம்மில் பலருக்கு அது பெரிய அதிர்ச்சி. அரசாங்கம் அதற்குப் பிறகு சொன்னது இதுதான்: ஐசி எண் நீங்கள் யார் என்று காட்டும், ஆனால் பேசுவது நீங்கள்தான் என்று நிரூபிக்காது. அதனால் அதைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது.

பாதி எண்ணை மறைத்தால் போதும் என்ற நினைப்பும் சரியில்லை. கடைசி மூன்று எண்களும் எழுத்தும் தெரிந்த ஒருவருக்கு உங்கள் பிறந்த ஆண்டும் தெரியும் என்று வையுங்கள். 1968 முதல் இங்கே பிறந்தவர்களின் எண், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களோடுதான் தொடங்கும். மொத்தம் ஏழு இலக்கங்களில் மீதி இரண்டே இலக்கங்கள், அதாவது நூறு வாய்ப்புகள். கடைசி எழுத்து, இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு எழுத்து என்பதால் அந்த நூறும் பத்துக்குள் சுருங்கிவிடும்.

சரி, எண் ரகசியமில்லை என்றால் "நான்தான்" என்று எதை வைத்துக் காட்டுவது? நம் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது எஸ்எம்எஸ் ஓடிபி, அதாவது குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க ஒருமுறைக் கடவுச்சொல். எந்தப் போனிலும் வரும், எதையும் பதிவிறக்க வேண்டாம். அதைத் தவிர வேறு நல்லது சொல்ல எனக்கு எதுவுமில்லை. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 75 வங்கி வாடிக்கையாளர்களுக்கு வர வேண்டிய ஓடிபிகளை மோசடிக்காரர்கள் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்புகள் வழியாகத் திருப்பிவிட்டார்கள். சுமார் 5 லட்சம் வெள்ளி போனது. அந்த வாடிக்கையாளர்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்பதுதான் வேதனை.

இரண்டாவது, வங்கிச் செயலிக்குள் இருக்கும் டிஜிட்டல் டோக்கன். எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்பதைத் திரையில் காட்டி ஒப்புதல் கேட்கும். ஆறு இலக்கத்தை யாரிடமும் படித்துச் சொல்லும் வேலையே இல்லை. டோக்கன் வைத்திருப்பவர்கள் கணக்கில் நுழைய ஓடிபி பயன்படுத்துவதை நிறுத்தப்போவதாக 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் டோக்கனுக்கும் ஒரு பலவீனமான நேரம் உண்டு, அது முதன்முதலில் இயக்கப்படும் நேரம். 2021 டிசம்பரில் ஓசிபிசி வாடிக்கையாளர்கள் பொய்த் தளத்தில் விவரங்களையும் ஓடிபியையும் தட்ட, மோசடிக்காரர்கள் தங்கள் போனிலேயே டோக்கனை இயக்கிக்கொண்டார்கள். சுமார் 790 பேர், 1 கோடியே 37 லட்சம் வெள்ளி. புது டோக்கனுக்குக் குறைந்தது 12 மணி நேரக் காத்திருப்பு வந்தது அதற்குப் பிறகுதான். அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை, ஆண்ட்ராய்டு போனில் நிறுவினால் அந்தத் திரையே அடுத்தவர் கைக்குப் போகலாம். டோக்கன் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ இருக்கும் மின்சாவி, அல்லது யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி. என் ஓட்டு இதற்குத்தான். இது எந்தத் தளத்துக்காகப் பதிவானதோ அந்த முகவரிக்கு மட்டுமே பதில் தரும். ஓர் எழுத்து மாறிய பொய்த் தளத்தைப் பார்த்து நீங்கள் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. சாவிகளைக் கட்டாயமாக்கிய பின் 85,000க்கும் அதிகமான தன் ஊழியர்களில் ஒருவரின் வேலைக் கணக்குகூட ஃபிஷிங்கில் (பொய்த் தளம், பொய்ச் செய்தி வழியாக விவரங்களைப் பறிக்கும் மோசடியில்) பறிபோகவில்லை என்று கூகுள் 2018இல் சொன்னது. சாவியைத் தொலைத்தால் சிரமம்தான், அதனால் இரண்டு வாங்க வேண்டும். வங்கியில் எது கிடைக்கிறதோ அதைத்தான் பயன்படுத்த முடியும். மின்னஞ்சலில் அந்தத் தடையில்லை, ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் இன்றே பாஸ்கீ வைக்கலாம். மற்ற கடவுச்சொற்களை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது என்பதால் முதலில் அதைப் பூட்டுங்கள்.

தேக்கா பக்கம் கடையோ டியூஷன் நிலையமோ நடத்துபவர்களுக்கு இன்னொரு தேர்வும் உண்டு. "அண்ணே, ஐசி கொடுங்க, ஒரு காப்பி எடுத்துட்டுத் தர்றோம்" என்று வாங்கி கவுன்ட்டர் அடியில் கோப்பில் சேர்ப்பது ஒரு வழி. பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டும் கேட்பது இன்னொரு வழி. சட்டப்படி தேவையோ, அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் அவசியமோ இல்லாமல் ஐசி எண்ணையோ நகலையோ வாங்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று உறுதியானதிலிருந்து மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். வாங்காத நகல் கசியாது, பழைய நகல்களை இந்த வாரமே கிழித்துப்போடலாம்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளிடம் முதலாளிகள் ஒன்றை நேரில் சொல்ல வேண்டும். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்தான் சிங்பாஸ்; "சிங்பாஸை ரெண்டு நாள் கொடு, காசு தர்றேன்" என்று எவன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. 2024 பிப்ரவரி முதல் அப்படிக் கொடுப்பதே குற்றம், மேலே சொன்ன எந்தப் பூட்டும் அங்கே உதவாது. சந்தேகமாக அழைப்போ செய்தியோ வந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.