பழைய கார்ச் சக்கரம்: படமா, அளவா?

பெயர் தெரியாத ஒரு பழைய ரிம் (டயர் உட்காரும் இரும்பு வளையம்) கைக்கு வந்தால் அடையாளம் காண இரண்டு வழிகள் உண்டு. அந்தக் கால விற்பனைப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிடலாம். அல்லது நாடாவும் வெர்னியர் அளவுகோலும் எடுத்து அளக்கலாம். படத்தை நம்பி, ரிம்மைச் சக்கரத்தோடு இறுக்கும் ஆப்பு வடிவக் கிளாம்புகள் நான்கு வாங்கி ஏமாந்தவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

படத்தால் வேலை சீக்கிரம் முடியும். மர ஆரக்காலா, கம்பி ஆரமா, தகட்டுச் சக்கரமா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஹப் மூடியில் பெயர் இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மூடி மரையில் திருகிக் கழற்றும் பொருள்; இத்தனை ஆண்டுகளில் எத்தனை கார் மாறியதோ!

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது: டயர் எண். ஃபோர்டு மாடல் டி-யின் பின்சக்கர டயர் 30 x 3½ என்றால், 30 அங்குலம் டயரின் வெளிவிட்டம். இருபுறத் தடிமனுமாக 7 அங்குலத்தைக் கழித்தால் ரிம் 23. கழற்ற முடியாத ரிம் உள்ள வண்டிகளில் முன்சக்கரம் 30 x 3. அதன் ரிம் 24. இரண்டும் 30 என்றே தொடங்கும், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 31 x 4 வேறு இனம் போலத் தோன்றும். கழித்துப் பாருங்கள், அதே 23! பின்னால் வந்த 4.40-21 பலூன் டயரில் (காற்றழுத்தம் குறைந்த, பருத்த டயர்) மட்டும் 21 என்பது நேராக ரிம்மின் விட்டம்.

மரச்சக்கரத்தைக் குறுக்கே அளக்காதீர்கள். வட்டை, அதாவது ஆரக்கால்களைச் சுற்றியுள்ள மர வளையம், காய்ந்து கோணியிருந்தால் திசைக்கொரு கணக்கு வரும். வட்டையின் மேலுள்ள இரும்புப் பட்டையைச் சுற்றி நாடா பிடித்து, வந்ததை 3.1416-ஆல் வகுப்பதே நல்லது. நான் வாங்கிய கிளாம்புகளில் துளையும் உருவமும் படத்தில் உள்ளபடியே இருந்தன. ஆப்பின் சரிவுதான் வேறு. முடுக்க முடுக்க ரிம் ஒரு பக்கமாக ஏறி நின்றது. அந்தச் சரிவை எந்தப் படமும் காட்டாது.

கம்பி ஆரச் சக்கரங்களில் என் கை அதிகம் பழகவில்லை. ரட்ஜ்-விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வகையில், சக்கரத்தை நடுவில் இறுக்கும் ஒற்றை நட்டுகளில் இடம் வலம் இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை என்பதால், ஒற்றை நட்டு கிடைத்தால் முதலில் அதைப் பார்ப்பேன், அவ்வளவே.

துருவுக்கு அடியில் முத்திரை எழுத்து இருக்கலாம். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்த பிறகே கம்பித் தூரிகையைத் தொடுங்கள்.