ட்ரோன்ல களைக்கொல்லி அடிக்கிற சேவை: வேகம் சூப்பர், ஆனா சாகாத புல்லு சாகலை

வாடகைக்கு ட்ரோன் கொண்டு வந்து மருந்து அடிச்சுக் குடுக்குறாங்கல்ல, அந்த சேவையை நெல்லுல களைக்கொல்லி அடிக்க எடுத்தேன். பூச்சி மருந்துக்கு எடுத்தவங்க எழுதுன ரிவ்யூ நிறைய இருக்கு, களைக்கு எடுத்தவங்க எழுதுனது கம்மி, அதான் கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தாங்க, காத்து கிளம்புறதுக்கு முன்னாடி விடியக்காலையிலயே ஆரம்பிச்சு, வரப்பை சுத்தி மேப் போட்டு, ஏக்கருக்கு சில நிமிஷம்னு முடிச்சுட்டாங்க. சேத்துல கால் புதைய புதைய முதுகுல டேங்க் சுமந்து, அடிக்கிற மருந்து நம்ம கால்லயும் மூஞ்சிலயும் படுற வேலை மிச்சம். இதுக்காகவே ட்ரோன் நல்லா வளரணும்னு மனசார நினைக்கிறேன்.

ஆனா நான் கூப்பிட்டது குதிரைவாலிப் புல்லுக்கு. கை ஸ்பிரேயர்ல அடிச்சு அடங்காத அதே புல்லு ட்ரோனுக்கும் அடங்கலை. கொஞ்ச நாள் கழிச்சு வயல்ல இறங்கிப் பார்த்தா ரெண்டு விதமா பச்சை தெரிஞ்சுது. ஒரு ஓரத்துல நீளமா பட்டை மாதிரி, அதுல எல்லா வகைக் களையும் உசுரோட நிக்குது. அது ட்ரோன் விட்டுட்டுப் போன இடம், அந்தத் தப்பு சேவைக்காரங்களோடது. வயல் நடுவுல கதையே வேற. ஒரு புல்லு காஞ்சு சுருண்டு கெடக்கு, அதை ஒட்டியே அதே வகை, அதே உசரத்துல இருந்த புல்லு புதுத் தூர் விட்டு ஜம்முனு நிக்குது. ரெண்டு மேலயும் ஒரே மருந்து, ஒரே நேரத்துல பட்டிருக்கு. இப்படி அங்கொண்ணும் இங்கொண்ணுமா பொழைச்சு நின்னா மருந்தைத் தாங்குற எதிர்ப்பு புல்லுக்கு வந்துருச்சோன்னுதான் முதல்ல சந்தேகப்படணும், ட்ரோனைத் திட்டி பிரயோஜனம் இல்லை.

பக்கத்து வயக்காரங்ககிட்ட இதைச் சொன்னா ஒருத்தர் "அடுத்த வருசம் இன்னும் பெரிய ட்ரோன் வருதுண்ணே"ங்கிறார், இன்னொருத்தர் "புது மருந்து வந்துரும் விடுங்க"ங்கிறார். புதுசு எதுன்னாலும் முயற்சி பண்ணிப் பார்க்குற அந்த மனசு எனக்குப் பிடிக்கும், ஆனா இந்த விஷயத்துல அதை நம்பி உக்காரக் கூடாது. 1980களுக்கு அப்புறம் முப்பது வருசத்துக்கு மேல, புது வழியில களையைக் கொல்ற மருந்து சந்தைக்குப் பெருசா எதுவுமே வரலை. கோதுமையில என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பஞ்சாப், ஹரியானா பக்கம் ஃபலாரிஸ் மைனர்ங்கிற களை 1990கள்லயே ஐசோபுரோட்டுரான்ங்கிற களைக்கொல்லிக்கு அடங்காமப் போச்சு, அதுக்குப் பதிலா வந்த மருந்துகளுக்கும் பின்னாடி எதிர்ப்பு வந்துருச்சு.

நெல்லுலயும் அதே கதைதான். பிஸ்பைரிபாக்ங்கிற களைக்கொல்லி கேக்கலைன்னு பெனாக்சுலாம் மாத்துறோம், டப்பா வேற, கம்பெனி வேற, ஆனா ரெண்டும் களைக்குள்ள அடிக்கிறது அது வளரத் தேவையான ஒரே என்சைமைத்தான், பைரசோசல்ஃப்யூரானும் அதே கூட்டம். பேர் மாத்துறது மருந்து மாத்துறது ஆகாது. சைஹாலோஃபாப் வேற குரூப், அதாவது களைக்குள்ள வேற இடத்துல அடிக்கிறது, நடவு முடிஞ்சு களை முளைக்கிறதுக்கு முன்னாடி போடுற பிரெட்டிலாக்ளோர் வேற குரூப். வாங்கும்போது பிராண்டை விட்டுட்டு எந்த குரூப்புன்னு கேட்டு வாங்குங்க.

ட்ரோன்ல இன்னொரு சிக்கல் தண்ணி. கை ஸ்பிரேயர்ல ஏக்கருக்கு 150, 200 லிட்டர் போற இடத்துல ட்ரோன்ல 10 லிட்டர் சுமார்தான் போகுது. பயிர் அடர்த்தியா மூடியிருந்தா கீழ இருக்குற களைக்கு சரியா சேராது, அரைகுறை டோஸ் வாங்குன களை பொழைச்சு விதை போடும், எதிர்ப்பு வளர அதுவும் ஒரு வழி. அதனால களை ரெண்டு மூணு இலையா இருக்கும்போதே கூப்பிடுங்க, மருந்தை டேங்க் கணக்குல இல்லாம ஏக்கர் கணக்குல, லேபிள்ல போட்ட அளவுக்கே கலக்குறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. பக்கத்துல பருத்தி இருந்தா டூ ஃபோர் டிங்கிற களைக்கொல்லி அடிக்கவே சம்மதிக்காதீங்க, கொஞ்சம் பறந்து போனாலும் இலை சுருண்டுரும்.

பொழைச்சு நின்ன புல்லை கதிர் வர்றதுக்குள்ள ஆள் விட்டுப் பிடுங்கிட்டோம். ஒரு செடியே ஆயிரக்கணக்குல விதை கொட்டும், அதை விட்டா அடுத்த போகம் வயல் பூரா அதுதான். வரிசை நடவா இருந்தா கோனோ வீடர்ங்கிற, கையால தள்ளுற உருளைக் களைக்கருவியை ஓட்டலாம், உருளை போற இடத்துல எதிர்ப்புக் களையும் சேர்ந்து சேத்துல அமுங்கிரும், குத்துக்கு நடுவுல நிக்கிறதை மட்டும் கையால எடுக்கணும்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்குறேன். பூச்சி மருந்துக்கும் இலைவழி உரத்துக்கும் திரும்பக் கூப்பிடுவேன். களைக்கொல்லிக்கு, அந்த விட்டுப்போன பட்டையை சரி பண்ணாத்தான் கூப்பிடுவேன், கூடவே புக்கிங் எடுக்கும்போது ஏக்கர் எவ்வளவுன்னு கேக்குறாங்கல்ல, போன போகம் என்ன களைக்கொல்லி அடிச்சீங்க, எது சாகலைன்னும் அவங்க சேர்த்துக் கேக்கணும்.