வெள்ளை மேட் தங்க இசைத்தட்டு விருது: வாங்கிப் பார்த்த அனுபவம்

அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ.யின் சான்று பெற்ற தங்க இசைத்தட்டு விருதுகளில், சேகரிப்பாளர்கள் ‘வெள்ளை மேட்’ என்று அழைக்கும் வகைக்குத் தனி மதிப்பு உண்டு. 1964 முதல் 1970களின் நடுப்பகுதி வரை வழங்கப்பட்ட இவ்வகையில், மரச்சட்டத்துக்குள் வெள்ளைத் துணி ஒட்டிய பின்னணி அட்டையின் (‘மேட்’ என்பது இதுதான்) மேல் தங்க முலாம் பூசிய இசைத்தட்டும், அதன் கீழே எழுத்துப் பொறித்த உலோகத் தகடும் இருக்கும். வானொலி நிலையம் ஒன்றுக்கு வழங்கப்பட்ட அத்தகைய விருது ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து அண்மையில் வாங்கினேன்.

கண்ணைப் பறிப்பது இசைத்தட்டுதான் என்றாலும், நான் முதலில் படித்தது தகட்டைத்தான். பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஆல்பம் விற்பனையை நினைவுகூர்ந்து வழங்கப்படுகிறது என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. 1958இல் சங்கம் சான்றளிக்கத் தொடங்கியபோது, தனிப்பாடல் தட்டுக்குப் பத்து லட்சம் பிரதிகள் என்றும், ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் வணிகர்களுக்கு விற்கும் மொத்த விலையில் பத்து லட்சம் டாலர் என்றும் அளவு வைத்திருந்தது. ஆல்பம் ஐந்து லட்சம் பிரதிகளும் விற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1975இல்தான் சேர்ந்தது. ஆகவே, 1960களின் விருது என்று விற்கப்படும் வெள்ளை மேட்டின் தகட்டில் ‘ஐந்து லட்சம் பிரதிகள்’ என்றிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். மாறாக, பழைய ஆல்பத்துக்குரிய விருது 1980களின் ஹோலோகிராம் முத்திரையுடன் வந்தால் அது போலி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பிற்காலத்தில் கேட்டு வாங்கப்பட்ட விருதுகள், அவை கேட்கப்பட்ட காலத்து வடிவிலேயே செய்யப்பட்டன.

இசைத்தட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மனம் தளர்கிறார்கள். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஐந்து பாடல்கள் அச்சாகியிருக்க, தட்டின் மேல் பாடல்களைப் பிரிக்கும் இடைவெளிகளை எண்ணினால் ஆறு பாடல்கள் தெரிகின்றன. முதல் பார்வையில் மோசடி போலத் தோன்றும் இந்த முரண்பாடு உண்மையான விருதுகளிலும் சாதாரணமாகக் காணப்படுவதே. வினைல் தட்டுகளை அச்சிடப் பயன்படும் உலோகத் தகடுகளில் கைக்குக் கிடைத்த ஒன்றுக்கு முலாம் பூசி, வெற்றி பெற்ற ஆல்பத்தின் லேபிளை ஒட்டிவிடுவது அன்றைய வழக்கம். இதில் இருக்கும் தங்கம் மெல்லிய பூச்சு மட்டுமே என்பதால், உலோக மதிப்பைக் கணக்கிட்டு யாரும் இதை வாங்க வேண்டாம்.

சங்கத்தின் சான்று இல்லாமல் இசை நிறுவனங்கள் தாமே செய்து கொடுத்த விருதுகளும் உண்டு. 1942இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லருக்கு அளித்த தங்கத் தட்டு அந்த மரபைச் சேர்ந்ததுதான். அவற்றையும் நான் விரும்புகிறேன். ஆனால் தணிக்கை செய்த விற்பனைக் கணக்கின் மேல் நிற்கும் விருதுக்கும் அவற்றுக்கும் ஒரே விலை கேட்பது முறையன்று.

என் பிரதியின் வெள்ளைத் துணி சீராகப் பழுப்பேறியிருக்கிறது. சட்டத்தின் விளிம்பு மறைத்த ஓரம் மட்டும் இன்னும் வெண்மையாக இருப்பது, இந்த அட்டை நெடுங்காலம் இதே சட்டத்துக்குள் இருந்ததற்கு நல்ல அடையாளம். பின்புறத்தில் பழுப்புக் காகித உறையும் சட்டம் அமைத்தவரின் ஒட்டுச்சீட்டும் கிழியாமல் இருக்கின்றன. விற்பனையாளர் இந்தப் பின்புறத்தை ஒரு படம்கூட எடுத்துப் போடாதது பெரிய குறை. நான் கேட்ட பிறகே இரண்டு படங்கள் அனுப்பினார். சட்டத்தின் மூலைகளுக்குப் பாதுகாப்பு வைக்காமல் பொதி கட்டியதால், கீழ் மூலை ஒன்றின் இணைப்பு வழியிலேயே விலகிவிட்டது. முறையிட்டபோது பழுதுபார்க்கும் செலவை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து, பொதி கட்டியதற்கு இரண்டு என்பது என் மதிப்பீடு. மூலையைச் சரிசெய்பவர் துணியையும் புதிதாக மாற்றித் தருவதாகச் சொன்னார். அதற்கு நான் இணங்கவில்லை. வெயில் படாத உட்சுவரில், பழுப்பேறிய அதே துணியோடு அதை மாட்டியிருக்கிறேன்.